கேளுங்க சொல்றேன்: 5000 வருஷ மரமும் ஒரு பீர் பாட்டிலும்

போன இதழ்ல ஸ்காட்லாந்துல பெர்த்ஷயர் பக்கம் இருக்கிற ஃபோர்ட்டிங்கல்ங்கிற குட்டி கிராமத்தப் பத்தி நாலு வரி எழுதிருந்தேன். ஒரு தெரு, கூரை வேஞ்ச சில வீடுங்க, ஒரு சர்ச், ஒரு ஹோட்டல், சர்ச் வாசல்ல யூ (yew)ங்கிற ஊசியிலை வகை மரம் ஒண்ணு, அவ்ளோதான் ஊருன்னு. அந்த நாலு வரிக்கு வந்த கேள்விங்க ஒரு மூட்டை இருக்கு, அதனால இந்த வாரம் வேற எதுவும் கிடையாது, முழுக்க ஃபோர்ட்டிங்கல்தான்.

அந்த மரத்துக்கு 5000 வயசுன்னு ஒருத்தர் சொல்றாரு, 2000-ன்னு இன்னொருத்தர் சொல்றாரு. வளையத்த எண்ணினா தெரிஞ்சிட போகுது, அதுல என்ன கஷ்டம்? (ரிட்டயர்டு சயின்ஸ் டீச்சர் ஒருத்தர்)

எண்றதுக்கு வளையம் இருந்தாத்தான சார். யூ மரத்தோட குணமே அதான், வயசாக வயசாக நடுவுல இருக்கிற கட்டை உளுத்துப் போயிடும், வெளி ஓடு மட்டும் உயிரோட நின்னு புதுசு புதுசா தண்டு விட்டுக்கிட்டே இருக்கும். ஃபோர்ட்டிங்கல் மரத்துல நடுக்கட்டை போய் பல நூறு வருஷம் ஆச்சு, இன்னிக்கு நீங்க போய்ப் பார்த்தா ஒரே மரம் மாதிரியே தெரியாது, தனித்தனியா சில மரம் பக்கத்துல பக்கத்துல நிக்கிற மாதிரிதான் இருக்கும், பழைய அடிமரம் எவ்ளோ அகலமா இருந்துச்சுன்னு காட்ட தரையில முளை அடிச்சு வட்டம் போட்டு வச்சிருக்காங்க. அதனால பழைய சுற்றளவு, யூ மரம் எவ்ளோ மெதுவா வளரும்ங்கிற கணக்கு, இந்த ரெண்ட வச்சு உத்தேசமாத்தான் வயசு சொல்ல முடியும்.

சுற்றளவு எப்படித் தெரியும்னா, 1769-ல டெய்ன்ஸ் பாரிங்டன்னு ஒருத்தர் வந்து டேப் பிடிச்சு 52 அடின்னு எழுதி வச்சாரு, அதுக்குக் கொஞ்ச வருஷத்துலயே தாமஸ் பென்னன்ட் அளந்து 56 அடிக்கு மேலன்னாரு. ரெண்டுல எது சரின்னு இன்னிக்கு சண்ட போட முடியாது, அப்பவே மரம் பிளந்துதான் கெடந்துச்சு, எந்த மேட்டுல டேப்ப வைக்கிறோம்ங்கிறதப் பொறுத்து நாலு அடி முன்ன பின்ன வரத்தான் செய்யும். விவரம் தெரிஞ்சவங்க நிறைய பேரு 2000-ல இருந்து 3000 வருஷத்துக்குள்ளன்னு நிக்கிறாங்க. 5000-ங்கிறது டூரிஸ்ட் நோட்டீஸுக்கு ரொம்பப் பிடிச்ச நம்பர். என்னக் கேட்டா 2000-னே வச்சிக்குவோம், அதுல என்ன கொறஞ்சு போச்சு, ரோமாபுரி ராணுவம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறதுக்கு முன்னாடியே அது அங்க நின்னுட்டிருந்திருக்கு.

56 அடி மரம் இன்னிக்கு ஏன் இப்படி துண்டு துண்டா இருக்கு? மின்னல் விழுந்துச்சா?

மின்னல் எல்லாம் இல்லங்க, மனுஷங்கதான். உளுத்தது இயற்கை, ஆனா அந்த ஓட்ட ஒடச்சது ஜனங்க. கோடைகாலத் தொடக்கத்துல, மே 1-ஐ ஒட்டி, பெல்டேன்னு ஒரு தீ மூட்டுற பண்டிகை உண்டு, ஊர்ப் பசங்க அந்தத் தீய மரத்தோட அடியிலயே மூட்டிருக்காங்க. சவ ஊர்வலம் மரத்துப் பிளவு வழியாவே உள்ள போகும்னு பழைய குறிப்பு சொல்லுது, பிளவு அவ்ளோ அகலம். அப்புறம் பதினெட்டாம் நூற்றாண்டுல மரம் ஃபேமஸ் ஆனதும் வர்றவங்க எல்லாம் ஞாபகத்துக்குன்னு வெட்டி எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சாங்க, கிண்ணம் கடையறதுக்குன்னே கட்டை போயிருக்கு. கடைசில 1785-ல சுத்தி ஒரு மதில் கட்டினாங்க. இன்னிக்கு இருக்கிற மதிலும் இரும்புக் கம்பியும் மரத்த நம்மகிட்டேர்ந்து காப்பாத்தத்தான்.

இப்பவும் நின்னபாடில்ல. 2019-ல வந்த செய்தி, டூரிஸ்ட்டுங்க கிளைய ஒடிக்கிறாங்க, பாசிமணியும் ரிப்பனும் கட்டிவிடறாங்க, மரத்துக்கு ஸ்ட்ரெஸ் ஆகுதுன்னு உள்ளூர்க்காரங்க பொலம்பினாங்க. பாருங்க, இத்தன பேர்ல ஒருத்தர் கூட மரத்து மேல வெறுப்புல செஞ்சது இல்ல, எல்லாம் பிரியத்துல செஞ்சதுதான்.

அந்த மரம் ஆணா இருந்து பொண்ணா மாறிடுச்சுன்னு வாட்ஸப்ல வந்துச்சே, உண்மையா உருட்டா?

பாதி உண்மை. யூல ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. ஃபோர்ட்டிங்கல் மரம் ஆண்னுதான் எல்லாப் பதிவுலயும் இருக்கு, மகரந்தம் விடும், பழம் காய்க்காது. 2015-ல எடின்பரோ ராயல் பொட்டானிக் கார்டன்காரரான மேக்ஸ் கோல்மன் பார்த்தப்போ மேல இருந்த ஒரு சின்னக் கிளையில மூணு சிவப்புப் பழம் தொங்கிட்டிருந்துச்சு. அந்த ஒரு கிளை மட்டும் பெண்ணாயிருக்கு, மத்ததெல்லாம் அப்படியே ஆண்தான். ஊசியிலை மரங்கள்ல இப்படி ஒரு பகுதி மட்டும் மாறுறது அபூர்வமா நடக்கும், ஆனா இவ்ளோ வயசுல போய் மாறுனா செய்தியாகாம என்ன செய்யும்.

மூணு பழத்தையும் பறிச்சு விதை எடுத்துட்டுப் போயிட்டாங்க. இதுக்கு முன்னாடியே அந்த மரத்துலேர்ந்து பதியன் போட கிளை வெட்டிட்டுப் போய் எடின்பரோ கார்டன்ல வளர்க்கிறாங்க, மூல மரம் ஒருநாள் போனாலும் வம்சம் இருக்கணும்ல. இன்னொன்னு, அந்தப் பழத்தப் பார்த்தா வாயில போட்டுக்கத் தோணும், சிவப்பு சதை ஒண்ணுதான் விஷம் இல்லாதது, விதை, இலை, பட்டை எல்லாமே விஷம். குழந்தைங்களோட போறவங்க பார்த்துக்குங்க.

இயேசுவுக்குத் தண்டனை சொன்ன பொந்தியு பிலாத்து அந்த ஊர்லதான் பொறந்தாராமே? எங்க சர்ச்ல ஒரு அண்ணன் அடிச்சு சொல்றாரு.

அண்ணன்கிட்ட சொல்லுங்க, கதை நல்ல கதை, கணக்குதான் இடிக்குது. கதை என்னன்னா அகஸ்டஸ் சக்கரவர்த்தி ஒரு தூதுக்குழுவ அந்த மலை நாட்டுத் தலைவன் ஒருத்தன்கிட்ட அனுப்புனாரு, வந்தவருக்கும் உள்ளூர்ப் பொண்ணுக்கும் பொறந்த பையன் பிலாத்து, அந்த யூ மரத்தடியில வெளையாடினான்னு. இப்போ வருஷத்தப் பாருங்க. பிலாத்து யூதேயாவ ஆண்டது கி.பி. 26-ல இருந்து 36 வரைக்கும். ரோமாபுரி பிரிட்டன் மேல படையெடுத்து உக்காந்ததே கி.பி. 43-ல, அதுவும் தெக்க. ஸ்காட்லாந்து பக்கம் அக்ரிகோலா தளபதி வந்தது 80-ஐ ஒட்டித்தான். அதுக்கு முன்னாடி ஜூலியஸ் சீசர் கி.மு. 55-லயும் 54-லயும் வந்தாரு, இங்கிலாந்தோட தென்கோடிய மிதிச்சிட்டுத் திரும்பிட்டாரு. அப்போ பிலாத்து பொறக்கிற காலத்துல ஒரு ரோமன் அதிகாரி ஹைலேண்ட்ஸ் மலைக்குள்ள அவ்ளோ தூரம் என்ன வேலையா வந்தான்? ஒரு ஆதாரமும் கிடையாது.

கதைக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி ஊருக்குத் தெக்க வயல்ல மண்மேடும் பள்ளமுமா ஒரு எடம் இருக்கு, ரொம்ப நாளா அத 'ரோமன் கேம்ப்'னுதான் கூப்பிட்டாங்க. ஆராய்ச்சிக்காரங்க பார்த்துட்டு இது ரோமன் எல்லாம் இல்ல, இடைக்காலத்துல சுத்தி அகழி வெட்டிக் கட்டின ஒரு வசதிக்காரர் வீட்டோட மிச்சம்னுட்டாங்க. ஆனாலும் அந்த ஊரப் பத்தி எந்த கைடு வாய தெறந்தாலும் மொதல்ல வர்றது பிலாத்துதான், அதுதான் எனக்கு எரிச்சல். நிஜமா நடந்ததே இவ்ளோ இருக்கு, அத விட்டுட்டு இதப் போய் ஏன்.

போட்டோல பார்த்தேன், கூரை வீடுங்க எல்லாம் பாட்டி கதையில வர்ற மாதிரி இருக்கு. எத்தன நூறு வருஷம் பழசு?

நூத்துச் சொச்சம்தாம்மா. நம்ப மாட்டீங்க, ஆனா அந்த 'பழைய கிராமம்' ஒரு பணக்காரரோட ஆசையில புதுசா கட்டினது. சர் டொனால்ட் கரின்னு கப்பல் கம்பெனி ஓனர், காசில் லைன் கப்பலுங்கள தென்னாப்பிரிக்காவுக்கு ஓட்டி சம்பாதிச்சவரு. கிரிக்கெட் பார்க்கிறவங்களுக்குப் பேர் தெரிஞ்சிருக்கும், தென்னாப்பிரிக்காவோட உள்நாட்டு போட்டிக்கு ரொம்ப வருஷம் பேரே கரி கப்தான், ரக்பிக்கும் இன்னிக்கு வரைக்கும் கரி கப் இருக்கு, ரெண்டு கோப்பையும் கொடுத்தது இவருதான். அவரு 1885-ல ஊர ஒட்டின கிளென் லயன் பள்ளத்தாக்கு எஸ்டேட்ட வாங்கினாரு, அதோட ஊரும் கைக்கு வந்துச்சு. பழைய வீடுங்கள எடுத்துட்டுப் புதுசா கட்ட ஜேம்ஸ் மெக்லாரன்ங்கிற ஆர்க்கிடெக்டக் கூப்பிட்டாரு.

மெக்லாரன் ஸ்காட்லாந்துக்காரரு, லண்டன்ல ஆபீஸ் வச்சிருந்தவரு. அவரு செஞ்சது ஒரு கலவை, இங்கிலாந்தோட தென்மேற்குல பாக்கிற மாதிரி தடிமனான நாணல் கூரை, அதுக்குக் கீழ ஸ்காட்டிஷ் பழைய வீட்டு பாணியில கனமான சுவர், படிக்கட்டு மாதிரி ஏறுற முகப்புச் சுவர். ரெண்டும் ஒட்டாதுன்னு நெனைப்பீங்க, ஒட்டுது. பாவம், காச நோய் வந்து 1890-ல முப்பத்தேழு வயசுலயே போயிட்டாரு. ஹோட்டல் உட்பட பாக்கி வேலைய அவரோட கூட்டாளிங்க டன்னும் வாட்சனும் முடிச்சாங்க, 1900-த்த ஒட்டி சர்ச்சையும் அவங்களேதான் திருப்பிக் கட்டினாங்க. கிளாஸ்கோவோட பெரிய பேரான மேக்கின்டாஷ் மெக்லாரன்கிட்டேர்ந்து கத்துக்கிட்டாருன்னு கட்டடக்கலை எழுதுறவங்க சொல்லுவாங்க. அதனால 'பழசு இல்லியா, ச்சே'ன்னு ஏமாந்துடாதீங்க, பழசு மாதிரி புதுசா கட்டினதுல இது ஒரு முக்கியமான எடம்.

ஊர் நடுவுல வயல்ல ஒரு மேடும் அது மேல ஒரு கல்லும் இருக்குன்னு சொல்றாங்களே, அது என்ன சமாதியா?

ஆமா, ரெண்டு தடவ சமாதி. கார்ன் நம் மார்வ்னு ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பழைய மொழியான கேலிக்ல கூப்பிடறாங்க, செத்தவங்களோட மேடு. அடிப்படையில வெண்கலக் காலத்துப் புதைமேடு, ஆயிரக்கணக்கான வருஷம் பழசு. பதினாலாம் நூற்றாண்டுல பிளேக் வந்து ஊரையே வாரிக்கிட்டுப் போனப்போ, தூக்கிப் போட ஆள் இல்லாம, ஒரு கிழவி மட்டும் ஒரு வெள்ளக்குதிரையில சறுக்குப் பலகையக் கட்டி அதுல பொணத்த ஒண்ணொண்ணா ஏத்தி இழுத்துட்டு வந்து இந்த மேட்டுல பொதைச்சான்னு ஊர் சொல்லுது. கல்லுல இருக்கிற தகட்டுல இந்தக் கதையைத்தான் பொறிச்சிருக்காங்க. இதுக்கும் பிலாத்து கதை மாதிரி ஆவணம் கெடையாது, அப்புறம் ஏன் இத மட்டும் திட்டாம விடறேன்னு கேப்பீங்க. பிளேக் 1349-ஐ ஒட்டி ஸ்காட்லாந்துக்கு வந்தது நிஜம், கூட்டமா செத்தது நிஜம், ஏற்கனவே குழியும் மேடுமா இருக்கிற எடத்துல பொதைக்கிறதும் நடக்கக்கூடியதுதான், கிழவி மட்டும்தான் கதை. அந்தக் கிழவி இருந்திருக்கணும்னு எனக்கு ஒரு ஆசை.

இன்னொரு விஷயம், குளிர்காலம் தொடங்குறப்போ வர்ற 'சாவின்' (Samhain)ங்கிற பண்டிகைக்கு, நவம்பர் 11-ஐ ஒட்டி, இந்த மேட்டு மேலதான் ஊரே சேர்ந்து பெரிய சொக்கப்பனை மாதிரி தீ மூட்டி கை கோத்து சுத்தி ஆடுவாங்க. 1924-ஓட நின்னு போச்சு.

வட்டமா நட்ட கல்லுங்களும் இருக்குன்னு கேள்விப்பட்டேன்.

இருக்கு, ஊருக்குக் கெழக்க வயல்ல மூணு கூட்டமா. இன்னிக்கு ஒவ்வொண்ணுலயும் மூணு கல்லுதான் வெளிய தெரியும். 1970-ல தோண்டினப்போ மத்த கல்லுங்கள யாரோ சாய்ச்சு குழியில பொதைச்சு வச்சிருந்தது தெரிஞ்சுது. யாரு, எப்போன்னு மண்டைய ஒடைச்சுக்க வேண்டியதே இல்லாம ஒரு கல்லுக்கடியில விக்டோரியா காலத்து பீர் பாட்டில் கெடந்துச்சு. வயல் உழ எடைஞ்சலா இருக்குன்னு பத்தொன்பதாம் நூற்றாண்டுல யாரோ வேலை செஞ்சிருக்காங்க, நடுவுல தாகத்துக்குக் குடிச்சிருக்காங்க. எனக்கு இந்த ஊர்லயே ரொம்பப் பிடிச்ச தடயம் இதான்.

மரம், கல்லு எல்லாம் சரி, இலக்கியம்னு ஏதாவது உண்டா அந்த ஊர்ல? (எம்.ஏ. தமிழ் ஸ்டூடண்ட்)

நல்லா கேட்டீங்க, இத யாரும் கேக்கலியேன்னு இருந்தேன். பதினாறாம் நூற்றாண்டுத் தொடக்கத்துல ஃபோர்ட்டிங்கல் சர்ச்சோட பாதிரியாரா இருந்தவரு ஜேம்ஸ் மெக்ரிகர், லிஸ்மோர் தீவு டீன்ங்கிற பதவியும் அவருகிட்ட இருந்துச்சு. அவரும் அவரு தம்பியும், கூட இருந்தவங்களும் சேர்ந்து 1512-ல இருந்து 1542 வரைக்கும் கேலிக் பாட்டுங்களத் தொகுத்து எழுதி வச்சாங்க, ராஜா புகழ் பாடுறது, வீரக்கதைப் பாட்டு, சாவுக்கு அழுறது, கொஞ்சம் ஆபாசமா கிண்டல் பண்றது கூட உண்டு, பொம்பளைங்க எழுதின பாட்டும் இருக்கு. 'டீன் ஆஃப் லிஸ்மோரோட புத்தகம்'னு பேரு, இப்போ எடின்பரோவுல ஸ்காட்லாந்து தேசிய நூலகத்துல இருக்கு. இது இல்லேன்னா அதுல நெறைய பாட்டு இன்னிக்கு எங்கயுமே இருந்திருக்காது.

வேடிக்கை என்னன்னா, கேலிக்க அதோட முறையான எழுத்துக்கூட்டல்ல எழுதல, அப்போ அந்தப் பக்கம் ஆபீஸ் வேலைக்குப் பழகிருந்த ஸ்காட்ஸ் (இங்கிலீஷுக்கு நெருங்கின சொந்தம்) மொழி எழுத்துக்கூட்டல்ல காதுக்குக் கேட்ட மாதிரியே எழுதிட்டாங்க, நாம தமிழ இங்கிலீஷ் எழுத்துல டைப் அடிக்கிறோமே அதே மாதிரி. அதனால அறிஞருங்க அதப் படிச்சுப் புரிஞ்சுக்கத் தலையப் பிச்சுக்கிட்டாங்க, ஆனா ஒரு லாபம், அந்தக் காலத்துல பெர்த்ஷயர்ல எப்படி உச்சரிச்சாங்கன்னு அதுல தெரியுது.

கிளென்கோ படுகொலைக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் உண்டா?

படுகொலைய நடத்தின கேப்டன் ராபர்ட் கேம்பல் இந்த கிளென் லயன் பள்ளத்தாக்கோட ஜமீன். குடி, சூதாட்டம், கடன்னு பெரும்பாலான நெலத்த வித்துட்டாரு, மிச்சம் இருந்ததையும் 1689-ல கிளென்கோங்கிற இன்னொரு பள்ளத்தாக்குல இருந்த மெக்டொனால்டு குலத்தவங்க வந்து மாடு ஆடுன்னு சூறையாடிட்டுப் போனாங்க. வேற வழியில்லாம ஐம்பது வயசுக்கு மேல பட்டாளத்துல சேர்ந்தாரு. 1692 பிப்ரவரில சிப்பாய்ங்களோட கிளென்கோ போயி, அவங்க வீட்டுலயே கிட்டத்தட்ட ரெண்டு வாரம் தங்கி சாப்பிட்டு சீட்டாடிட்டு, 13-ஆம் தேதி விடியக்காலையில மேலிடத்து உத்தரவுன்னு 38 பேர சுட்டும் வெட்டியும் கொன்னாங்க, பனியில தப்பிச்சு ஓடினவங்களும் செத்தாங்க. சோறு போட்டவன் வீட்டுலயே செஞ்சதத்தான் ஸ்காட்லாந்து இன்னும் மன்னிக்கல. உத்தரவு போட்டவங்க பேரு பாதிப் பேருக்குத் தெரியாது, கேம்பல் பேரு மட்டும் நிக்குது.

சர்ச்சுக்குள்ள பார்க்க என்ன இருக்கு?

கட்டடம் புதுசுன்னு சொல்லிட்டேன், எடம்தான் பழசு. ஆரம்பக் கிறிஸ்தவ மடம் ஒண்ணு அங்க இருந்திருக்கு, சிலுவை செதுக்கின கல்லுத் துண்டுங்கள உள்ள வச்சிருக்காங்க. ஆயிரம் வருஷத்துக்கு மேல பழசான ஒரு கைமணியும் இருந்துச்சு, இரும்புல செஞ்சு வெண்கலம் பூசினது, துறவிங்க கையில எடுத்துட்டுப் போறது. கம்பிக்குப் பின்னாடிதான் வச்சிருந்தாங்க, 2017-ல திருடிட்டுப் போயிட்டாங்க. வைக்கிங், பிளேக், மதச் சண்டை எல்லாத்தையும் தாண்டின மணி.

நான் ஃபிசிக்ஸ் ஸ்டூடண்ட். பூமியோட எடைய அந்த ஊர் மலையிலதான் போட்டாங்களா?

ஊர் மலை இல்ல, வடக்க இருக்கிற ஷிஹாலியன், 1083 மீட்டர். 1774-ல நெவில் மாஸ்கலின்ங்கிற அரசு வானியலாளர் வந்து அங்க கூடாரம் போட்டு மாசக்கணக்கா உக்காந்தாரு. மலையோட ஈர்ப்பு தூக்குக்குண்டு நூல தன் பக்கம் இழுக்கும்ல, எவ்ளோ இழுக்குதுன்னு மலைக்கு ரெண்டு பக்கமும் நட்சத்திரத்த வச்சு அளந்தா பூமியோட அடர்த்திய கணக்குப் போடலாம்ங்கிறது ஐடியா. மலை கிட்டத்தட்ட ஒரே சீரா இருக்கிறதாலதான் அத தேர்ந்தெடுத்தாங்க. மழையும் மேகமும் மனுஷன பாடாப் படுத்திருச்சு. கணக்கப் போட்டது சார்ல்ஸ் ஹட்டன், மலையோட கனத்த கணக்கிட ஒரே உயரத்துல இருக்கிற புள்ளிங்கள கோட்டால இணைச்சாரு, இன்னிக்கு மேப்புல பாக்கிற சமஉயரக் கோடு அப்படித்தான் பிரபலமாச்சு. தண்ணிய விட நாலரை மடங்குன்னு வந்துச்சு, உண்மையான விடை அஞ்சரை. தூக்குக்குண்ட வச்சுக்கிட்டு அவ்ளோ கிட்ட வந்ததே பெருசு.

பள்ளத்தாக்குக்குள்ள கல்லு சாமி குடும்பம் ஒண்ணு இருக்காமே?

இருக்கு, ஆனா ஊர்லேர்ந்து ரொம்ப தூரம் உள்ள, லோக் லயன் ஏரியும் தாண்டி, நடந்துதான் போகணும். டிக் நம் போடக்னு இடுப்பளவு கூட இல்லாத ஒரு குட்டிக் கல்லு வீடு, மேல புல்லுக் கூரை. உள்ள ஆத்துல உருண்டு வழுவழுப்பான கல்லுங்க, கிழவி, கிழவன், பொண்ணு, குட்டிங்கன்னு. மே மாசம் தொடங்கினதும் வெளிய எடுத்து வாசல்ல நிக்க வைப்பாங்க, நவம்பர் வந்தா உள்ள வச்சு வாசல அடைச்சிடுவாங்க, அந்த நெலத்துல வேலை பாக்கிறவங்கதான் தலைமுறை தலைமுறையா இதச் செய்றாங்க. போனா தொடாம பார்த்துட்டு வாங்க.

போறதுன்னா எப்படிப் போறது, எப்போ போறது?

ரயில்ல வந்தா பிட்லாக்ரில எறங்கிக்கலாம். பக்கத்து டவுன் அபர்ஃபெல்டி, அங்கேர்ந்து மேக்க 8 மைல், வழியில ஜெனரல் வேட் 1733-ல கட்டின பாலத்தையும் பார்த்துடலாம். கார் இருந்தாத்தான் சௌகரியம். ஊர ஒரு மணி நேரத்துல சுத்திடலாம், கிளென் லயன் உள்ள போறதுக்குத்தான் ஒரு நாள் வேணும். மே மாசம் நல்ல டைம், நடுக் கோடையில மிட்ஜ்னு ஒரு கண்ணுக்கே தெரியாத கொசு வகை உங்கள பிச்சுத் தின்னுடும். கிளென் லயன் ரோடு ஒத்த வழி, எதிர்ல வண்டி வந்தா ஒதுங்கறதுக்குன்னு அங்கங்க எடம் விட்டிருப்பாங்க, போட்டோ எடுக்கிறேன்னு அதுல கார நிப்பாட்டிட்டுப் போயிடாதீங்க, அந்த ஊர்க்காரங்களுக்கு பிலாத்து மேல கூட அவ்ளோ கோவம் கிடையாது.